கடனை யார் கணக்கில் எழுதினார்கள்?

கேள்வி இதுதான்: "வங்கி, மின்வாரியம், டெலிகாம் கம்பெனி என்று கடனில் மூழ்குகிற எல்லாவற்றையும் அரசாங்கம் நம் வரிப்பணத்தைப் போட்டுத் தூக்கிவிடுகிறது. டிவிக்காரர்கள் வாயே திறப்பதில்லை. எல்லாரும் கூட்டுக் களவாணிகள்தானே? இனிமேல் செய்தி பார்த்து என்ன பிரயோஜனம்?"

கோபம் நியாயமானது. அது போய் விழுகிற இடம்தான் தப்பு என்பது என் கட்சி. நான் பொதுத்துறை வங்கி ஒன்றில், பெரும்பாலும் சென்னையிலேயே, கடன் கொடுப்பதும் கொடுத்ததை வசூலிப்பதுமாகக் காலத்தை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். பெரிய நிறுவனம் கவிழ்ந்தால் அரசாங்கம் பெரும்பாலும் தூக்கிவிடத்தான் செய்யும். பல நேரம் வேறு வழியும் இருக்காது. பார்க்க வேண்டியது, நஷ்டத்தை யார் தலையில் கட்டினார்கள் என்பதை. கல்யாணப் பந்தி மாதிரி அது. முதல் பந்தியில் உட்கார்ந்தவர் யார், இலை போட்ட பிறகும் சோறு வராமல் எழுந்து போனவர் யார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அந்த வரிசை முடிவாகிற நாளில் கேமரா வேறு எங்காவது இருக்கும்.

"ஏன் தூக்கிவிட வேண்டும், மூழ்கட்டுமே" என்பவர்களுக்கு நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. 1906 அக்டோபர் 22 அன்று மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி கடையைச் சாத்தியது. அந்தக் காலத்து மெட்ராஸின் பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்று. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வூதியர்களும் நம்பிப் பணம் போட்டிருந்த இடம். அரசாங்கம் கை கொடுக்கவில்லை. லண்டனில் இருந்த பங்காளி மக்ஃபேடியன் ரயிலுக்கு முன்னால் விழுந்து செத்தார். இங்கே இருந்த சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். தண்டனை என்று பார்த்தால் இன்றைக்கு நாம் ஆசைப்படுகிற மாதிரியான தண்டனை. பணம் போட்டவனுக்கு அதனால் என்ன வந்தது? பலருடைய ஆயுள் சேமிப்பு காற்றில் போனதுதான் மிச்சம். அந்தச் சூட்டில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்து, 1995-96-ல், அதே இந்தியன் வங்கி 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. அதுவரை இந்திய வங்கி எதுவும் காட்டாத நஷ்டம். இந்த முறை அரசாங்கம் விட்டுவிடவில்லை. வருடா வருடம் மூலதனம் கொட்டியது. வங்கி பிழைத்தது, இன்றைக்கும் ராயப்பேட்டையில் தலைமையகம் வைத்து லாபம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அர்பத்நாட்டில் பணத்தைத் தொலைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த முறை ஒரு பைசாகூட இழக்கவில்லை. மூழ்கவிடுவதா, தூக்கிவிடுவதா என்று என்னைக் கேட்டால், இரண்டையும் பார்த்த ஊர்க்காரனாக, தூக்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தூக்குகிற கூலியை யார் தருகிறார்கள் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்குக்கு வருகிறேன். லட்சுமி விலாஸ் வங்கி உங்களுக்கு நினைவிருக்கும். 1926-ல் கரூரில், ஜவுளி வியாபாரிகளையும் சிறு வணிகர்களையும் நம்பித் தொடங்கிய வங்கி. கொங்கு மண்டலத்திலும் சென்னையிலும் எத்தனையோ குடும்பங்களில் அதன் பங்கு நகை மாதிரி தலைமுறை தாண்டி வந்தது. விற்கவே மாட்டார்கள். பிற்பாடு நிர்வாகத்துக்குப் பெரிய கார்ப்பரேட் கடன் மேல் மோகம் வந்தது. ரெலிகேர் என்ற நிதி நிறுவனத்தோடு ஏற்பட்ட விவகாரத்தில் நூற்றுக்கணக்கான கோடிக்கு வழக்கு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு வளையத்துக்குள் போனது. 2020 செப்டம்பர் பொதுக்குழுவில் தலைமை அதிகாரி உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். அதற்குள் வண்டி குடை சாய்ந்துவிட்டது.

இப்போது தேதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2020 நவம்பர் 14 தீபாவளி. 17-ம் தேதி சாயங்காலம் வங்கிக்கு மாரடோரியம். ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அன்றைக்கே ரிசர்வ் வங்கி ஒரு வரைவுத் திட்டம் வெளியிட்டது. சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைப்பு, டிபிஎஸ் 2,500 கோடி போடும், டெபாசிட் முழுசாகப் பத்திரம். கூடவே ஒரு வரி: வங்கியின் மொத்தப் பங்கு மூலதனமும் அழிக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் 20-ம் தேதி மாலை 5 மணிக்குள் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது.

25-ம் தேதி புதன்கிழமை மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அன்றைக்குச் சென்னையில் என்ன நடந்துகொண்டிருந்தது? நிவர் புயல். மதியம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள். 2015 ஞாபகத்தில் ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. எல்லாச் சேனலிலும் மழைக்கோட்டு போட்ட ஒரு பையன் காற்றில் சாய்ந்தபடி மைக்கைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எத்தனை கன அடி வெளியேறுகிறது என்று கத்திக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு அதுதான் செய்தி. அதே நாளில் தமிழ்நாட்டு வங்கி ஒன்றின் பங்குதாரர்கள் மொத்தமாகப் பூஜ்யமானது திரைக்குக் கீழே ஓடுகிற வரியாகப் போயிற்று. 27-ம் தேதி இணைப்பு அமலுக்கு வந்தது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் ஒரே நாளில் டிபிஎஸ் கைக்குப் போயின. பங்குதாரர்கள் பல உயர் நீதிமன்றங்களில் வழக்குப் போட்டார்கள்.

யாரோ திட்டம் போட்டுப் புயல் நாளில் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. புயலை ரிசர்வ் வங்கி அனுப்பவில்லை. நிகர மதிப்பு மைனஸில் போன வங்கியின் பங்குக்கு மதிப்பு பூஜ்யம்தான் என்று அதிகாரிகள் சொன்னதிலும் நியாயம் உண்டு. நானாக இருந்தாலும் டெபாசிட்காரரைத்தான் முதலில் காப்பாற்றியிருப்பேன். என் சந்தேகம் அடுத்த கதையில் தொடங்குகிறது.

அதே வருடம் மார்ச் 5-ல் யெஸ் வங்கிக்கு மாரடோரியம் போட்டார்கள். அங்கே ஆள் ஒன்றுக்கு 50,000 ரூபாய். ஸ்டேட் வங்கி 6,050 கோடி போட்டது, மற்ற வங்கிகளும் கை கொடுத்தன, இரண்டு வாரத்துக்குள் தடை நீங்கியது. அங்கே பங்குதாரரை அழிக்கவில்லை. நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் கையிருப்பில் 75 சதவீதத்தை மூன்று வருடம் விற்கக்கூடாது என்று பூட்டினார்கள், அவ்வளவுதான். அழித்தது ஏடி-1 என்ற கடன் பத்திரங்களை, சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு. வழக்கமான வரிசைப்படி கடன் கொடுத்தவனுக்கு முன்னால் பங்குதாரர்தான் நஷ்டத்தை ஏற்க வேண்டும். இங்கே வரிசை தலைகீழ். அந்தப் பத்திரத்தை டெபாசிட்டை விடக் கூடுதல் வட்டி என்று சொல்லிச் சாதாரண வாடிக்கையாளர்களிடம் தள்ளிவிட்டதற்காக 2021-ல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி யெஸ் வங்கிக்கு 25 கோடி அபராதம் விதித்தது. 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த அழிப்பே செல்லாது என்றது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஒரே வருடம், ஒரே ரிசர்வ் வங்கி, இரண்டு வங்கிகள். ஒன்றில் பங்குதாரர் பிழைத்துப் பத்திரக்காரர் காலி. இன்னொன்றில் பங்குதாரர் காலி, கூடவே 318 கோடி ரூபாய்ப் பத்திரமும் காலி. யாருக்கு என்ன கிடைக்கும் என்பது கடைசி நிமிஷம் வரை எழுதப்படாமலே இருக்கிறது. என்னைப் போன்ற ஆளுக்குத் தூக்கம் கெடுகிற சமாச்சாரம் இதுதான், வரிப்பணம் போகிறதே என்ற கவலை இதற்கு அடுத்ததுதான்.

வாராக்கடனைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முடியாது. "பணக்காரர்களுக்குப் பத்து லட்சம் கோடி தள்ளுபடி" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அந்த எண் உண்மை. 2021-22 வரையான ஐந்து நிதியாண்டில் வங்கிகள் 10.09 லட்சம் கோடி ரூபாயைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளியதாக நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். இதில் வங்கிக்காரர்கள் தரப்பு ஒன்று உண்டு. நான்கு வருடம் வராத கடனுக்கு லாபத்திலிருந்து முழுசாக ஒதுக்கீடு செய்துவிட்டு, தலைமையகப் புத்தகத்திலிருந்து அதை எடுத்துவிடுவார்கள். கிளையில் கணக்கு உயிரோடு இருக்கும், வசூல் நோட்டீஸ் போகும், வழக்கு நடக்கும். நானே அப்படிப்பட்ட ஃபைல்களைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். ஆகவே கடன்காரனை விட்டுவிட்டார்கள் என்பது சட்டப்படி தப்பு. நடைமுறைப்படி? அதே ஐந்து வருடத்தில் எழுதித் தள்ளிய கணக்குகளிலிருந்து வசூலானது 1.32 லட்சம் கோடி. சட்டம் ஒரு பக்கம் சரி, வாட்ஸ்அப் மாமா இன்னொரு பக்கம் சரி.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் மறுமூலதனம். 2016-17 முதல் 2020-21 வரை பொதுத்துறை வங்கிகளுக்கு மத்திய அரசு 3.11 லட்சம் கோடி போட்டது. இதில் பட்ஜெட்டிலிருந்து ரொக்கமாக வந்தது 35,000 கோடிதான். மிச்சம் 2.76 லட்சம் கோடி பத்திரம் மூலமாக. அது எப்படி என்றால், அரசாங்கம் ஒரு பத்திரம் அச்சடித்து வங்கியிடம் கொடுக்கும். வங்கி தன்னிடம் இருக்கிற டெபாசிட் பணத்தில் அதை வாங்கும். அந்தப் பணத்தையே அரசாங்கம் வங்கியின் பங்கு மூலதனமாகத் திருப்பிப் போடும். பணம் கட்டிடத்தை விட்டு வெளியே போகவே இல்லை, ஆனால் வங்கி பலமாகிவிட்டது. பற்றாக்குறைக் கணக்கிலும் ஏறாது, வட்டி மட்டும் வருடா வருடம் பட்ஜெட்டில் வரும். முதன்முதலில் இந்தச் சுற்றறிக்கையைப் படித்தபோது எங்கள் கிளையில் சீனியர் ஒருவர், "இந்த வித்தையை கடன்காரன் செய்திருந்தால் ஃபிராடு என்று எழுதியிருப்போம்" என்றார். ஃபிராடு இல்லை, எல்லாம் முறைப்படிதான். ஆனால் கூலி தருபவர் யார் என்று தெரியாதபடிக்கு இதைவிட நேர்த்தியாக ஒரு ஏற்பாடு செய்ய முடியாது. பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023-24-ல் பொதுத்துறை வங்கிகள் எல்லாம் சேர்ந்து 1.41 லட்சம் கோடி நிகர லாபம் காட்டின. அதில் அரசுக்கு டிவிடெண்டும் வருகிறது. "எல்லாம் போச்சு" என்பவர்களுக்கு இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிளையில் உட்கார்ந்து பார்த்தால் வயிறு எரிவது வேறு இடத்தில். நகைக்கடன் தவணை தவறினால் ஏல நோட்டீஸ் போகும், பேப்பரில் எறும்பு எழுத்தில் விளம்பரம் வரும். ஏல நாள் காலையில் அப்ரைசர் தராசை எடுத்து மேஜையில் வைத்து, ஒவ்வொரு பையாகப் பிரித்து, "செயின், இருபத்திரண்டு கிராம், கல் கழிவு அரை" என்று படித்துக்கொண்டே போவார். அடகுக் கடைக்காரர்கள் சுற்றி நிற்பார்கள், எல்லா ஏலத்துக்கும் வருகிற அதே நாலு முகம். யாராவது ஒரு அம்மா மஞ்சள் பையோடு ஓடி வந்து, "சார், வட்டிய மட்டும் கட்டிடறேன், இன்னைக்கு எடுத்துடாதீங்க" என்பார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் மேனேஜர் ஏதாவது செய்வார். ஏலம் தொடங்கிவிட்டால் கை கட்டப்பட்டது.

பெரிய கணக்கில் நடப்பதைப் பார்க்க, சென்னை நிறுவனமான சிவா இண்டஸ்ட்ரீஸ் கதை போதும். கடன் கொடுத்தவர்கள் கோரிய தொகை சுமார் 4,863 கோடி. திவால் நடைமுறைக்குள் போய், பிறகு அதிலிருந்து வெளியே வர ஒரே தவணைத் தீர்வு என்று ஒரு திட்டம் வந்தது. தருவதாகச் சொன்ன தொகை, கோரியதில் ஏழு சதவீதத்துக்கும் குறைவு. சென்னைத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் 2021-ல் முடியாது என்றது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் முடியாது என்றது. 2022 ஜூன் 3-ல் உச்ச நீதிமன்றம், கடன் கொடுத்தவர்கள் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சம்மதித்த பிறகு அவர்களுடைய வணிக விவேகத்தில் தீர்ப்பாயம் தலையிடக்கூடாது என்று சொல்லி அனுமதித்தது. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. விட்டால் இதுவும் வராது என்று வங்கிகள் கணக்குப் போட்டிருக்கும், நானும் அப்படிப் பல கணக்குகள் போட்டவன்தான். ஆனால் அந்த மஞ்சள் பை அம்மாவுக்கு வணிக விவேகம் என்று ஒரு வாய்ப்பே கிடையாது.

இந்த இடத்தில் டிவியை இழுக்கலாம். விவசாயக் கடன் தள்ளுபடி வந்தால் நம் சேனல்கள் எப்படிக் கூத்தடிக்கும் என்று பார்த்திருப்பீர்கள். 2008-ல் மத்திய அரசு அறிவித்தது, 2016-ல் ஜெயலலிதா சிறு, குறு விவசாயிகளுக்கு அறிவித்தது, 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி 16.43 லட்சம் விவசாயிகளுக்கு 12,110 கோடி என்று அறிவித்தது, அதற்குப் பிறகு திமுக ஆட்சியில் ஐந்து சவரன் நகைக்கடன். ஒவ்வொரு முறையும் "இது சரியா, மக்களைச் சோம்பேறி ஆக்குகிறதா" என்று நாலு பேரைக் கூட்டி வைத்து ஒரு மணி நேரம். மறுமூலதனப் பத்திரத்துக்கு ஒரு விவாதம் நடத்தியதை நான் பார்த்ததில்லை. சதி என்று சொல்லத் தேவையில்லை. விவசாயியின் தள்ளுபடியில் முகம் இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது, எதிர்க்கட்சி இருக்கிறது. பத்திரத்தில் ஒரு பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது.

நம் ஊர் மீடியாவைப் பற்றி வெளி மாநிலத்துக்காரர்கள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வதில்லை. எந்தச் சேனல் யாருடையது என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். 1993-ல் சன் டிவி வந்தது. 1999-ல் ஜெயா. 2007-ல் மாறன் சகோதரர்களுக்கும் கட்சித் தலைமைக்கும் பிணக்கு வந்ததும் அதே வருடம் செப்டம்பரில் கலைஞர் டிவி. பாமகவுக்கு மக்கள் டிவி, விஜயகாந்துக்கு கேப்டன், அதிமுகவில் பிளவு வந்த பிறகு நியூஸ் ஜெ. கேபிள் தொழிலிலும் அரசாங்கமே இறங்கியது, 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு. இவ்வளவு வெளிப்படையாகக் கட்சிக் கொடி கட்டிய மீடியா இருப்பதில் ஒரு வசதி உண்டு. மின்வெட்டு ஒரு சேனலில் இல்லை, இன்னொன்றில் ஊரே இருட்டு. இரண்டையும் பார்த்து நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ள மயிலாப்பூர் மாமியிலிருந்து வியாசர்பாடி ஆட்டோக்காரர் வரை எல்லாருக்கும் பழக்கம். ஒருத்தன் ஊழலை இன்னொருத்தன் காட்டிக்கொடுப்பான்.

இந்த ஏற்பாட்டின் ஓட்டை எங்கே என்றால், இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பை யாரும் காட்ட மாட்டார்கள். மின்வாரியத்தின் கடன் அதற்குக் கச்சிதமான உதாரணம். 2014 டிசம்பரில் கட்டணம் ஏற்றினார்கள், அதற்குப் பிறகு அடுத்த பெரிய ஏற்றம் 2022 செப்டம்பரில். நடுவில் 2016-ல் நூறு யூனிட் இலவசம். வாங்குகிற விலை ஏறிக்கொண்டே போக, விற்கிற விலை நின்றது. 2017 ஜனவரியில் உதய் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தபோது வாரியத்தின் கடனில் 22,815 கோடியை மாநில அரசு தன் தலையில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் 2012-லும் ஒரு மறுசீரமைப்பு. 2023-24-க்கு மட்டும் வாரிய நஷ்டத்தை ஈடுகட்ட அரசு ஏற்றது 17,117 கோடி. கட்டணம் ஏற்றாத ஆட்சி ஒன்று, ஏற்றியதற்காகத் திட்டு வாங்கிய ஆட்சி ஒன்று, இலவசத்தை நிறுத்துகிறேன் என்று சொல்ல இரண்டுக்குமே தைரியம் இல்லை. ஆகவே எந்தக் கொடி கட்டிய சேனலுக்கும் இது லாபமான கதை இல்லை. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, குடும்பம் ஒன்றுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் கடன் சுமை என்று சொன்னார். நாலு நாள் பேசினார்கள், அதுவும் யார் ஆட்சியில் எவ்வளவு என்ற லாவணிதான். 2026 மார்ச் முடிவில் மாநிலத்தின் கடன் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்று 2025-26 பட்ஜெட்டே மதிப்பிட்டது.

தேசிய அளவில் இன்னொரு கூத்து: மீடியாவே கடனில் மாட்டிக் கை மாறியது. என்டிடிவி நிறுவனர்களின் கம்பெனி 2009-10-ல் விசிபிஎல் என்ற, யாரும் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்திடம் 403.85 கோடி ரூபாய் கடன் வாங்கியது. வட்டி கிடையாது. வட்டியில்லாமல் நானூறு கோடி யாராவது கொடுத்தால், எங்கள் தொழிலில் முதலில் அடமானம் என்ன என்று பார்ப்போம். அடமானம், நிறுவனர்களின் அந்தக் கம்பெனியையே பங்காக மாற்றி எடுத்துக்கொள்ளும் உரிமை. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் காகிதம் சும்மா இருந்தது. 2022 ஆகஸ்டில் அதானி குழுமம் விசிபிஎல்லை வாங்கியது, உரிமையைப் பயன்படுத்தியது, 29.18 சதவீதம் கைக்கு வந்தது, வருடக் கடைசியில் சேனலே வந்துவிட்டது. நெட்வொர்க்18 கதையும் ஏறக்குறைய இதே ரகம். 2012-ல் ரிலையன்ஸ் ஒரு டிரஸ்ட் வழியாகப் பணம் கொடுத்துக் கை தூக்கிவிட்டது, 2014-ல் உரிமையாளர் ஆனது. மந்திரி போன் செய்து மிரட்டினார் என்று கற்பனை செய்கிறோம். நடப்பது அதைவிட சாதுவானது, ஒரு கடன் ஒப்பந்தத்தின் ஷரத்து போதும்.

வெளிநாட்டிலும் இதேதான். அமெரிக்காவில் 2008-ல் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தை 85 பில்லியன் டாலர் கொடுத்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள், அந்தப் பணத்தில் 12.9 பில்லியன் அப்படியே கோல்ட்மன் சாக்ஸ் வங்கிக்குப் போனது அடுத்த வருடம்தான் வெளியே தெரிந்தது. கிரீஸுக்குக் கொடுத்த கடனில் பெரும்பங்கு முன்பு கடன் கொடுத்திருந்தவர்களுக்கே திரும்பிப் போனது. இவற்றைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது, விடுங்கள்.

இலங்கையை மட்டும் விட முடியாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. மே 18-ல் நம் துறைமுகத்திலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்து ஏற்றிய முதல் கப்பல் கொழும்புக்குக் கிளம்பியது. ஜூலை 9-ல் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் ஜனங்கள் குதித்த காட்சியை நம் சேனல்கள் எத்தனை நாள் ஓட்டின என்று நினைவிருக்கும். அடுத்த வருடம் மார்ச்சில் சர்வதேச நிதியமான ஐஎம்எஃப் 2.9 பில்லியன் டாலருக்கு ஒப்புக்கொண்டது. அதன் இலக்கை எட்ட உள்நாட்டுக் கடனையும் சீரமைக்க வேண்டும் என்றது இலங்கை அரசு. 2023 ஜூலை 1, சனிக்கிழமை, வங்கிகளுக்குத் தொடர் விடுமுறை விட்டுவிட்டு நாடாளுமன்றத்தில் அதை நிறைவேற்றினார்கள். வங்கிகளுக்கு விலக்கு. சுமை விழுந்தது ஊழியர் சேமலாப நிதியின் மேல். நம் ஊர் பிஎஃப் மாதிரி, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியின் சேமிப்பும் அதில்தான் இருக்கிறது. நீச்சல் குளத்தைப் பார்த்துக் கைதட்டிய நம் சேனல் ஒன்றாவது இதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கியதா? என் கண்ணில் படவில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி, செய்தி பார்த்து என்ன பிரயோஜனம் என்பது. எட்டு மணி விவாதத்தை நிறுத்திவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் எல்லாரும் திருடன் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறவரை எந்தத் திருடனுக்கும் ரொம்பப் பிடிக்கும். அவருக்கு வரைவுத் திட்டத்தின் கெடு தேதி தேவைப்படாது. நான் செய்வது இதுதான். ரிசர்வ் வங்கி அறிவிப்பு வந்தால் முதல் பத்தியை விட்டுவிட்டு, "அழிக்கப்படும்", "மாற்றப்படும்" என்று எங்கே வருகிறது என்று தேடுவேன். தணிக்கைத் துறை அறிக்கையைப் பெரும்பாலும் சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைப்பார்கள், மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் வரும். அந்த ஒரு நாள் காசு கொடுத்து இரண்டு பேப்பர் வாங்குவேன். பிஎஃப் வட்டி, எல்ஐசி எதில் முதலீடு செய்தது, இந்த இரண்டு செய்தியையும் விடமாட்டேன். காப்பாற்றுவதற்கு ஆள் தேடும்போது கை முதலில் நீளுவது அந்தப் பக்கம்தான்.

இப்போதைக்கு நான் கண் வைத்திருப்பது வோடஃபோன் ஐடியா. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியில் 2023-ல் 16,133 கோடியையும், 2025-ல் 36,950 கோடியையும் பங்காக மாற்றினார்கள். பங்கு ஒன்று 10 ரூபாய் என்று கணக்கு, சந்தையில் அது அதற்குக் கீழேதான் போய்க்கொண்டிருந்தது. 2025-ல் அரசின் கை 48.99 சதவீதத்தில் நின்றது. 51 ஆகியிருந்தால் அது அரசு நிறுவனம், தணிக்கைத் துறை உள்ளே வரும், நாடாளுமன்றத்தில் கேள்வி வரும். கம்பெனியின் மிகப் பெரிய பங்குதாரர் நாம்தான், நடத்துவது மட்டும் பழையவர்கள். அடுத்த தவணைப் பாக்கி பங்காக மாறுகிறதா, மாறினால் என்ன விலைக்கு என்று பாருங்கள். அன்றைக்கு டிவியில் என்ன ஓடுகிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.